அம்மப்பாவின் பாய்வள்ளம்: பைபர் போடுவதா, கலப்பத்து அடிப்பதா?

இரணைக்கரையான் | 21 ஜனவரி 2023

எல்லோருக்கும் வணக்கம். மர வள்ளம் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று நண்பன் சொன்னான், அதனால் கேட்கிறேன்.

நாச்சிக்குடாவுக்குக் கிட்ட எங்கள் வளவில், பூவரச மரத்துக்குக் கீழே, அம்மப்பாவின் வள்ளம் கவிழ்த்தபடி கிடக்கிறது. நீளம் பதினெட்டு அடி. அடி ஒரே மரத்தில் குடைந்தது, அதற்கு மேல் இரண்டு வரிசைப் பலகை. 1992இல் யுத்தத்தில் எங்கள் தீவான இரணைதீவை விட்டு வெளிக்கிட்டபோது வீடு, ஆடு, தென்னை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் சனம் வந்தது. அம்மப்பா இந்த வள்ளத்தில் வந்து இறங்கியதால் இது மட்டும் மிஞ்சியது. 2008இல் நாங்கள் கிழக்குப் பக்கமாக இடம்பெயர்ந்தபோது இதைக் கொண்டுபோக வழியில்லை. 2010இல் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. வள்ளம் போட்ட இடத்திலேயே கிடந்தது. பாய்மரத்தை எடுத்து முதல் கொட்டிலுக்கு வளையாகப் போட்டோம். வள்ளத்தை ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து உயர்த்தி ஆடு கட்டினோம்.

இப்போது ஏன் இந்த எண்ணம் என்றால், போன ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. தம்பியின் போட் வாரக்கணக்கில் கரையில் கிடந்தது. அந்த நாட்களில் அம்மா அடிக்கடி ஒன்றைச் சொன்னா: "அப்பு எந்த எண்ணெயில் போனவர்?" அந்தச் சொல் மனதில் நின்றுவிட்டது. தொழிலுக்கு என்று இல்லை. ஞாயிறு பூசை முடிந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு, மெசின் சத்தம் இல்லாமல், பாயில் ஒருமுறை போக வேண்டும்.

நிலைமை இதுதான். அடிக்கட்டை கெட்டியாக இருக்கிறது. கீழ்வரிசைப் பலகையில் இரண்டு இடத்தில் கத்தி நுனி அரை அங்குலம் இறங்குகிறது. வங்கு (உள்ளே பலகையைத் தாங்கும் விலா) நான்கில் இரண்டு உக்கிவிட்டது. இரும்பு ஆணி எல்லாம் துரு. மேலே பைபர் (கண்ணாடிநார்) போட்டு மூடிவிடச் சொல்கிறார்கள் ஊரில். செய்யலாமா, இல்லை பழைய முறையில் கலப்பத்து அடிப்பதா (பலகை இடுக்கில் திரி அடித்து அடைப்பது)?

---

பேசாலைப்_பைபர் | 21 ஜனவரி 2023

தம்பி, சுனாமிக்குப் பிறகு நான் தொடாத பைபர் போட் இந்தக் கரையில் குறைவு. உக்கிய இடத்தை வெட்டி எடுத்துப் பலகை வையுங்கள். மண்கடதாசி போட்டு நன்றாகத் தேய்த்து, உள்ளும் புறமும் இரண்டு படை மற் (பைபர் விரிப்பு), மேலே றெசின் (ஒட்டும் பசை). ஒரு கிழமை வேலை. கலப்பத்து என்று தொடங்கினால் வருடா வருடம் அதையே செய்துகொண்டிருக்க வேண்டும், அதுவும் செய்யத் தெரிந்த தச்சர்மார் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இன்னொன்று, மரம் குடையும் புழு. பைபர் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை. உங்கள் அம்மாவை ஏற்றப் போகிறீர்கள். தண்ணீர் வராத வள்ளம்தான் வேண்டும்.

---

ஏராக்கட்டை | 22 ஜனவரி 2023

முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். அப்பா வள்ளத் தச்சர், நானும் அவரோடு பத்து வருடம் உளி பிடித்தவன்.

தம்பி, பைபர் போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் அம்மப்பா இந்த வள்ளத்துக்கு வருடம் இரண்டு தடவையாவது சுறா எண்ணெய் பூசியிருப்பார். அந்த எண்ணெய் மரத்துக்குள் ஊறிப் போய் இருக்கிறது. சாதாரண றெசின் அதில் ஒட்டாது, ஒட்டியது போல இருக்கும். மரம் தண்ணீரில் ஊறினால் பெருக்கும், வெயிலில் காய்ந்தால் சுருங்கும். றெசின் அப்படி அசையாது. இரண்டும் பிரிகிற இடத்தில் மயிர் போல ஒரு வெடிப்பு வந்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வெளியே வராது.

2011இல் நானே ஒரு வள்ளத்துக்கு அப்படிச் செய்தேன். சொந்தக்காரர் கேட்டார், எனக்கும் கைக்கு வேலை வேண்டியிருந்தது. மூன்று வருடம் கழித்துக் கூப்பிட்டார். வெளியே பார்த்தால் புது வள்ளம் போல மினுங்கியது. விரலால் தட்டினேன், தொப் என்றது. ஓரத்தில் உளியைக் கொடுத்துக் கிளப்பினால் பைபர் முழு ஓடாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த மரத்தைக் கையால் அள்ளலாம், நனைந்த பிட்டு மாதிரி. அந்தப் பழுது அவர் கண்ணுக்கும் தெரியவில்லை, என் கண்ணுக்கும் தெரியவில்லை. மர வள்ளத்தில் பழுது வந்தால் ஒழுகிச் சொல்லும். மூடிவிட்டால் எப்படிச் சொல்லும்?

முதலில் இதைச் செய்யுங்கள். சின்னச் சுத்தியலால் அடிக்கட்டை முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் தட்டுங்கள். டங் என்றால் நல்ல மரம். சத்தம் அமுங்கினால் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். குண்டூசித் தலை அளவில் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே அவ்வளவு சின்னதாகத்தான் தெரியும், உள்ளே விரல் மொத்தத்துக்குக் குடைந்திருக்கும். புழு என்று சொன்னாலும் அது சிப்பிக் குடும்பம். உப்புத் தண்ணீர் இல்லாமல் வாழாது. முப்பது வருடம் கரையில் கிடந்த வள்ளத்தில் உயிரோடு எதுவும் இருக்காது, பழைய குகை இருக்கலாம்.

---

பேசாலைப்_பைபர் | 22 ஜனவரி 2023

அண்ணை சொல்கிற வள்ளத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் அப்படிக் கழன்றதை நானும் கண்டிருக்கிறேன். அது உண்மை. எபொக்சி றெசின் என்றால் பிடிக்கும், ஆனால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இல்லாத மரமாக இருக்க வேண்டும், விலையும் பல மடங்கு. இந்த வள்ளத்துக்கு அது சரிவராது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். கலப்பத்து வள்ளம் என்றால் தண்ணீரிலேயே கட்டிப் போடக்கூடாது. ஓட்டம் முடிந்ததும் கரையேற்றிக் காயவிட வேண்டும். அதற்கு ஆள் பலம் இருக்கிறதா என்று தம்பி முதலில் யோசிக்க வேண்டும்.

---

கிளாலி93 | 24 ஜனவரி 2023

பிள்ளைகள், இந்தக் கதையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளில் ஆனையிறவுப் பாதை அடைபட்டபோது யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கிளாலிக் கடல்தான் வழி. இரவில், வெளிச்சம் இல்லாமல், முன்னால் ஒரு மெசின் வள்ளம், பின்னால் கயிற்றில் தொடுத்த வள்ளங்கள். நான் ஏறியதில் ஒன்று பழைய மர வள்ளம். பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது, ஒரு பொடியன் பால்மா ரின்னால் அள்ளிக்கொண்டே வந்தான். பயத்தில் இருந்த எனக்கு அந்த அள்ளுகிற சத்தம்தான் ஆறுதல். உயிரைக் காத்த மரம் அது.

மரம் பற்றி ஒரு சொல். பலகைக்கு வேம்பு தேடுங்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி கப்பல் வேப்ப மரத்தில்தான் ஆனது. அது பாய் விரித்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. காட்டுப் பாலையும் முதிரையும் உறுதிதான், ஆனால் பாரம், வளைக்கவும் கஷ்டம்.

---

இரணைக்கரையான் | 29 ஏப்ரல் 2023

மூன்று மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். கிளிநொச்சியில் வேலை, சனி ஞாயிறுதான் ஊர்.

கலப்பத்து என்று முடிவெடுத்தேன். ஐயா சொன்ன வேம்பு வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது! 2020 டிசம்பர் புரெவிப் புயலில் சித்தப்பாவின் வளவில் சரிந்த மரம். இரண்டு வருடத்துக்கு மேல் நிழலில் கிடந்து நன்றாகக் காய்ந்திருந்தது. ஏராக்கட்டை அண்ணை தொலைபேசியில் அளவு சொல்லச் சொல்ல ஒன்றேகால் அங்குலப் பலகையாக அரிந்தோம்.

பழைய பலகையைக் கழற்றுவதற்கு இரண்டு சனிக்கிழமை போனது. ஆணித் தலை கையோடு உடைந்து வரும், தண்டு மரத்துக்குள் நிற்கும். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மரம் கறுத்துப் போயிருந்தது. அண்ணை சொன்னபடி இப்போது செப்பாணி போட்டேன், வங்குக்கு மட்டும் துருப்பிடிக்காத உருக்குப் போல்ட்.

வளைவுக்குத்தான் பாடுபட்டேன். அணியப் பக்கம் (வள்ளத்தின் முன்பக்கம்) பலகை நேராக நின்று முரண்டு பிடித்தது. ஈரச் சாக்கைச் சுற்றி, கீழே பொச்சுமட்டையைப் புகையவிட்டு, தம்பி வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, நான் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து மரம் தானாக இறங்கத் தொடங்கியது. அந்த நேரம் யாரும் கதைக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் தூக்கி வைத்து, கவ்வி போட்டு இறுக்கினோம். வெடிக்கவில்லை.

பிறகு குங்கிலியம். பொடித்த குங்கிலியத்தைப் பழைய அலுமினியச் சட்டியில் மெல்லிய நெருப்பில் உருக்கி, வேப்பெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். பதம் பார்ப்பதற்கு அண்ணை சொன்ன வழி: ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து விரலிடையில் வளைக்க வேண்டும். உடைந்தால் எண்ணெய் காணாது. கையில் ஒட்டி இழுபட்டால் எண்ணெய் கூடிவிட்டது. உடையாமல் மடிய வேண்டும். நான்காவது துளியில்தான் எங்களுக்கு அது வந்தது. பருத்தித் திரியை அதில் தோய்த்து, மழுங்கிய உளியாலும் மரச்சுத்தியலான கொட்டனாலும் இடுக்குக்குள் அடித்து இறக்கினோம். திரி போதிய அளவு இறங்கியதும் கொட்டன் சத்தம் மாறுகிறது, அதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்க அடித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. முதல் நாள் சட்டியில் நெருப்புப் பிடித்துவிட்டது. தம்பி தண்ணீர் வாளியைத் தூக்கினான், நல்ல காலம் மாமா தடுத்துவிட்டார். பக்கத்தில் மணல் குவித்து வையுங்கள், மணல் மட்டும்தான் போட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரிகிற எண்ணெய் தெறித்து ஆள்மேல் வரும்.

---

வட்டுவாகல்_வாணி | 30 ஏப்ரல் 2023

அண்ணா, பாய் யார் தைக்கிறார்கள்? நான் தைத்துத் தரலாமா? வலை பொத்துவதும் தையலும்தான் என் வேலை. அப்பா நந்திக்கடலில் இறால் பிடிக்கப் போகும்போது பாய் தைப்பது நாங்கள்.

தறப்பாளில் தைக்க வேண்டாம். இடம்பெயர்ந்த காலத்தில் அதன் கீழே வாழ்ந்து அதன் குணம் எல்லோருக்கும் தெரியும். வெயிலில் பொடிந்துவிடும், மூலை இழுபடும். மொத்தப் பருத்தித் துணி எடுங்கள். பாயை நாற்சதுரமாக, தட்டையாக வெட்டக்கூடாது. மேல் ஓரத்தை நடுவில் நான்கு விரல் அளவு வெளியே வளைத்து வெட்டினால் பருமலில் (பாய் தொங்கும் குறுக்குக் கம்பு) கட்டும்போது பாய்க்கு வயிறு விழும். வயிறு இல்லாத பாய் காற்றைப் பிடிக்காது, படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். நான்கு ஓரத்துக்கும் கயிறு வைத்துக் கையால் தைக்க வேண்டும், மெசின் தையல் அதற்குப் போதாது.

அப்புறம் பனிச்சங்காய். இடித்து ஊறவைத்த சாற்றில் துணியைப் போட்டுக் காயவிட்டால் செம்மண் நிறமாகும், பூஞ்சணம் பிடிக்காது. முந்தி வலைக்கும் இதுதான். அப்பாவின் கையில் அந்தக் கறை கழுவினாலும் போகாது.

---

ரொறன்ரோத்_தயா | 2 மே 2023

நான் முழங்காவிலில் பிறந்தவன், இங்கே ஒன்ராறியோ ஏரியில் சின்னப் பாய்ப்படகு ஓட்டுகிறேன். நான்கு விஷயம் சொல்கிறேன்.

உங்கள் வள்ளத்தின் அடி உருண்டை. காற்றைப் பின்னால் வைத்துப் போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. பக்கவாட்டில் காற்று வந்தால் நண்டு மாதிரிச் சரிந்துகொண்டே போகும், திரும்பி வீட்டுக்கு வர முடியாது. அடியில் ஆழமான ஏரா (நீளவாக்கில் கீழே நீட்டும் கட்டை) ஒன்று வைத்தால் என்ன?

இரண்டாவது, முதல் பாயைச் சின்னதாகத் தையுங்கள். மூன்றாவது, காலியான 20 லீற்றர்க் கான்களை மூடி இறுக்கி, இருக்கைப் பலகைக்குக் கீழே முன்னும் பின்னும் கட்டுங்கள். வள்ளம் கவிழ்ந்தாலும் மிதந்துகொண்டிருக்கும், ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நான்காவது, மிதவைச் சட்டை. நீச்சல் தெரிந்தவர்களுக்கும்தான். அம்மாவுக்குக் கட்டாயம்.

---

ஏராக்கட்டை | 2 மே 2023

தயா தம்பி, கான் கட்டுவது நல்ல யோசனை, அதை நானே சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் ஏரா வேண்டாம். அந்தக் கரையில் இடுப்பளவுத் தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஆழ ஏரா மணலில் குத்திக்கொள்ளும், கரையேற்றவும் முடியாது. பக்கப்பலகைதான் சரி. நான்கு அடி நீளம், ஒரு அடி அகலம், மேல் நுனியில் கயிறு. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் இறக்க வேண்டும். தண்ணீர் குறைந்த இடத்தில் தூக்கிவிடலாம். வாணித் தங்கச்சி தைக்கும் பாய்க்கு அது தாராளம்.

---

இரணைக்கரையான் | 12 நவம்பர் 2023

வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினோம், மூழ்கிவிட்டது!

பயப்பட வேண்டாம், வேண்டுமென்றுதான் விட்டோம். பலகைகள் காய்ந்து இருந்ததால் இறக்கிய கால் மணித்தியாலத்தில் முழங்கால் வரை தண்ணீர். அண்ணை அதை முன்பே சொல்லியிருந்தார். முழங்கால் ஆழத்தில், உள்ளே கல் வைத்து, மூன்று நாள் அப்படியே அமிழ்த்தி விட்டோம். ஊர்ச் சனம் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனது. நான்காம் நாள் விடிய அள்ளி வெறுமையாக்கினோம். தம்பி உள்ளே படுத்து ரோச் அடித்து இடுக்கு இடுக்காகப் பார்த்தான். பின்னேரம் வரைக்கும் இரண்டு சிரட்டைத் தண்ணீர்தான் சேர்ந்திருந்தது. மரம் பெருத்துத் திரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, சந்தோசத்தில்.

பாய்மரம் சவுக்கு. பருமலுக்கு மூங்கில். வாணித் தங்கச்சி அனுப்பிய பாய் முல்லைத்தீவு பஸ்ஸில் பரந்தன் வரை வந்து, அங்கிருந்து நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தேன். பனிச்சங்காய் மணம் இன்னும் போகவில்லை. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு மணந்து பார்த்தா. "இது அப்புவின் மணம்" என்றா.

---

இரணைக்கரையான் | 18 பெப்ரவரி 2024

போனோம்.

மாரி முழுக்க வாடைக் காற்று பலமாக இருந்ததால் காத்திருந்தோம். பெப்ரவரி பிறந்ததும் கடல் அடங்கியது. இரண்டு கிழமை நானும் தம்பியும் கரையோடு பழகினோம். கடற்றொழில் சங்கத்திலும் கடற்படை முகாமிலும் சொல்லிவிட்டு, நேற்று விடியக் கரைக்காற்றில் வெளிக்கிட்டோம். தம்பியின் போட் துணைக்குக் கொஞ்சம் தள்ளி வந்தது.

ஆஞ்சானை (பாயை ஏற்றும் கயிறு) இழுத்ததும் பருமல் கிறீச் என்று ஏறியது, பாய் ஒருமுறை உதறிவிட்டு வயிறு வைத்தது. பாயின் மூலையைப் பிடிக்கும் தாமான் கயிறு கையில் இறுகியது. வள்ளம் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து நகரத் தொடங்கியபோது மெசினில் ஒருநாளும் கேட்காத சத்தங்கள் எல்லாம் கேட்டன. அணியத்துக்குக் கீழே தண்ணீர் குழறுவது, பக்கப்பலகை வள்ளத்தோடு உரசுவது, மீன் துள்ளி விழுவது. சுக்கான் பிடியில் கை வைத்தால் கடல் நடுங்குவது உள்ளங்கையில் தெரிகிறது. தண்ணீர் தெளிந்து இருந்தது, கீழே கடற்சாதாழை ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடியது. அதைப் பார்த்தே நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அம்மா சொன்னா. எழுபது வயது, முப்பது வருடம் பாய்வள்ளத்தில் ஏறாதவ.

இரணைதீவில் சனம் 2018இல் தாங்களாகவே போய்க் குடியேறியதும் அம்மா மெசின் போட்டில் போய் வந்தவ. ஆனால் நேற்று தீவின் தென்னைகள் தெரியத் தொடங்கியதும் வேறு மாதிரி இருந்தா. கதைக்கவில்லை. பாய்மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு இருந்தா.

திரும்பும்போது ஒரு பிழை நடந்தது, மற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். பின்னேரம் கடற்காற்று நினைத்ததை விடப் பலமாக வந்தது. பாயை இறக்குவோம் என்று ஆஞ்சானை விட்டால் பருமல் இறங்கவில்லை. மர உச்சியில் துளைக்குள் கயிறு நனைந்து பெருத்து இறுகிவிட்டது. வள்ளம் ஓரம் நனையச் சாய்ந்தது. தாமானை முழுதாக விட்டேன், பாய் கொடி மாதிரிப் பறந்தது, வள்ளம் நிமிர்ந்தது. ஆனால் பருமல் மரத்தில் அடித்து மூங்கில் வெடித்துவிட்டது. தம்பியின் போட் கயிறு போட்டு இழுத்து வந்தது. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை, தண்ணீர் அள்ளிக்கொண்டே இருந்தா.

---

கிளாலி93 | 18 பெப்ரவரி 2024

தம்பி, அம்மா தண்ணீர் அள்ளினா என்று வாசித்ததும் எனக்குக் கண் கலங்கியது. அவவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

---

ஏராக்கட்டை | 19 பெப்ரவரி 2024

தாமானை விட்டது சரியான வேலை. அதைச் சுக்கானோடு கட்டி வைத்திருந்தால் கவிழ்ந்திருப்பீர்கள். எப்போதும் கையிலேயே இருக்க வேண்டும்.

துளைக்குப் பதில் கப்பி போட வேண்டும். மரக் கப்பி ஒன்று அப்பாவின் பெட்டியில் இருக்கிறது, சில்லு இலுப்பையில் கடைந்தது, நன்றாக ஓடும். கயிற்றையும் மாற்றுங்கள், தும்புக் கயிறு நனைந்தால் பெருக்கும். பருமலுக்கு இந்த முறை கணு நெருங்கிய மூங்கில் வேண்டும், பச்சையாக வெட்டியது கூடாது. இங்கே ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

---

பேசாலைப்_பைபர் | 19 பெப்ரவரி 2024

நீங்கள் அனுப்பிய வள்ளப் படம் பார்த்தேன் தம்பி. கலப்பத்து இடுக்கு ஒன்றுகூட வாய் திறக்கவில்லை, நல்ல வேலை. கரையேற்ற ஆள் தேவை என்று அன்றைக்குச் சொன்னேன் அல்லவா, சோளகம் (தென்மேல் காற்று) தொடங்கும்போது அறிவியுங்கள். நானும் இரண்டு பொடியன்களும் வருகிறோம்.

---

இரணைக்கரையான் | 20 பெப்ரவரி 2024

அண்ணை வெள்ளிக்கிழமை கப்பியோடும் மூங்கிலோடும் பஸ்ஸில் வருகிறார். வாணித் தங்கச்சியும் அப்பாவும் சனிக்கிழமை வருகிறார்கள், பாயின் கீழ் மூலையில் கயிற்றுத் தையல் இரண்டு விரல் நீளத்துக்கு விட்டிருக்கிறது, அதைப் பார்க்க வேண்டுமாம். அம்மா நண்டுக் கறிக்குச் சொல்லிவிட்டா. ஞாயிறு பூசைக்குப் பிறகு காற்று இருந்தால் எல்லோருமாக இறக்குவோம்.